கயிறு, கை, கண்: பெருஞ்சிலந்தி வளர்ப்பு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் சாலையோரம் என் அக்கா வீடு. மச்சான் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்கும் யார்டுக்கும் இடையில் பெட்டி இழுப்பது அவர் பிழைப்பு. வரிசையாக ஐந்து லைன் வீடுகள். கடைசி வீட்டில் யார்டு வேலைக்கு வந்த பையன்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவன் சிலந்தி வளர்க்கிறான். மூலையில் வலை பின்னுகிற நம்ம எட்டுக்கால் பூச்சி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்து, 'டரான்டுலா' என்று உலகம் அழைக்கிற பெருஞ்சிலந்தி. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் தேங்காய் நார்த்தூள், ஒளிந்துகொள்ள ஒரு ஓட்டுத்துண்டு. வாரம் ஒருமுறை கரப்பான் போடுகிறான். என்ன இனம் என்று கேட்டேன். "டரான்டுலா சார்" என்றான். அது ஒரு குடும்பத்தின் பெயர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம். எங்கிருந்து வந்தது என்றேன். பஸ் பார்சலில் வந்ததாம். அனுப்பியவருக்கும் அதற்கு மேல் தெரியாதாம்.

அக்கா மகனுக்கு ஆறு வயசு. "மாமா, இத்த கையில வுட்டுக்கலாமா? அந்த அண்ணன் வுட்டுக்குது" என்றான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீதான் எம்.ஏ. வரைக்கும் படிச்சவனாச்சே. சொல்லுடா, வெஷமா இல்லியா?"

நான் படித்தது தமிழ் எம்.ஏ. சிலந்திக்குப் பழைய சொல் 'சிலம்பி' என்பது தெரியும். அத்தோடு இத்தனை வருஷம் சிறுபத்திரிகை படித்த பழக்கம் வேறு. பூச்சிகளைப் பற்றிய பயம் இயற்கையானதல்ல, கட்டமைக்கப்பட்டது என்று ஆரம்பித்தேன். அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கட்டமைச்சதோ கழட்டுனதோ, கடிக்குமா கடிக்காதா, அத்தச் சொல்லு."

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவு. போகிற வழியில், 'பயம் கட்டமைக்கப்பட்டது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடும் வாக்கியத்தையே ஒருமுறை பிரித்துப் பார்க்க நேர்ந்தது.

2

முதலில் அந்த வாக்கியத்துக்குள்ள நியாயத்தைக் கொடுத்துவிடலாம். டரான்டுலா என்ற பெயரே ஒரு பயத்தின் பெயர்தான். தெற்கு இத்தாலியில் தாரந்தோ என்றொரு ஊர். அதன் பெயரிலிருந்து வந்தது இது. அங்கே அந்தப் பெயருக்கு உரியது ஓநாய்ச் சிலந்தி வகையைச் சேர்ந்த சிறு பிராணி; நம் டப்பாவில் இருப்பதற்கு நேரடி உறவுகூடக் கிடையாது. அது கடித்தால் மனுஷி பித்துப் பிடித்தவளாவாள், நாள் கணக்கில் இசைக்கு ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். இத்தாலிய மானுடவியலாளர் எர்னஸ்தோ தெ மர்த்தீனோ 1959இல் சலெந்தோ பகுதியில் களஆய்வு செய்து 1961இல் நூலாக்கினார். 'கடிபட்டவர்கள்' பெரும்பாலும் ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண்கள். கடி ஒருமுறை பட்டதோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் கோடையில், ஜூன் கடைசியில் வரும் பேதுரு பவுல் திருநாளை ஒட்டித் திரும்ப வரும். சிலந்தி இல்லாமலே வரும். பிடிக்காத கல்யாணம், நிறைவேறாத காதல், உழைப்பின் அலுப்பு, இவையெல்லாம் சிலந்தி என்ற பெயரில் ஆண்டுக்கு ஒருமுறை ஆட அனுமதி பெற்றன. நம் ஊரில் சாமியாடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஐரோப்பியர்கள், அங்கே கண்ட மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கு இதே பெயரைத் தூக்கிப்போய் ஒட்டினார்கள். ஊர்ப் பெயர் பூச்சிப் பெயராகி, பூச்சிப் பெயர் வேறொரு பூச்சிக்குப் போய், பயம் மட்டும் மாறாமல் கூடவே பயணம் செய்தது.

நம் பக்கம் வருவோம். உடம்பில் கொப்புளம் வரிசையாகக் கிளம்பினால் என் அம்மா 'எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துடுச்சு' என்பாள். 'அக்கி' என்று பெயரிட்டு, குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவியால் எழுதிவிடுவார்கள். அக்கி வைரஸ் நோய். சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு பக்கம், திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, அதை அழித்த யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடித்து, தானும் செத்து, கோச்செங்கட் சோழனாக மறுபடி பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த ராஜா யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினானாம். சிலந்தி நம்மிடத்தில் நோயாகவும் இருந்திருக்கிறது, ராஜாவாகவும் இருந்திருக்கிறது. இத்தாலியப் பயம் ஒன்றுதான் உலகத்துப் பயம் என்றில்லை.

ஆக, பயத்துக்கு வரலாறு உண்டு. அதுவரை நான் சொன்னது சரி. அதிலிருந்து 'ஆகவே பயப்பட ஒன்றுமில்லை' என்று தாவியதுதான் தப்பு.

3

குழந்தையும் பெருஞ்சிலந்தியும் ஒன்றாக வரும் காட்சி அச்சில் எப்போது பதிவானது என்று தேடியபோது கிடைத்தது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயரின் பயண நூல். 1848 முதல் 1859 வரை அமேசான் ஆற்றுப் பகுதியில் இருந்து, பூச்சிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி, அந்தக் காசில் வாழ்ந்தவர். நூல் வெளிவந்தது 1863இல்.

பேட்ஸுக்கு முன்னால் ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். மரியா சிபில்லா மெரியன் 1699இல் டச்சுக் காலனியான சுரினாமுக்குப் போய், 1705இல் தான் வரைந்த பூச்சிகளை நூலாக வெளியிட்டார். அதில் ஒரு படத்தில் பெருஞ்சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்கிறது. அவருக்குத் தகவல் சொன்னவர்களிலும் பூச்சி பிடித்துக் கொடுத்தவர்களிலும் அடிமைகளும் பூர்வகுடிகளும் இருந்தார்கள். பிற்கால ஆண் அறிஞர்கள் இந்தப் படத்தை நம்பவில்லை. கட்டுக்கதை என்று எள்ளி நகையாடினார்கள். ஒரு பெண்ணும் சில அடிமைகளும் சொன்னால் யார் நம்புவது? லின்னேயஸ் மட்டும் 1758இல் அந்தச் சிலந்திக்குப் 'பறவைக்குரியது' என்ற பொருளில் 'அவிக்குலேரியா' என்று பெயர் வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து பேட்ஸ், சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளைத் தன் கண்ணால் கண்டதாக எழுதிய பிறகுதான் மெரியன் மேலிருந்த பழி நீங்கியது.

இப்போது நம் காட்சி. பேட்ஸ் அதே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று: சிலந்தியின் மயிர் தொட்டால் உதிரும், தாங்க முடியாத அரிப்பைத் தரும், தாம் முதலில் பதப்படுத்திய சிலந்தியை எச்சரிக்கையில்லாமல் கையாண்டு மூன்று நாள் அவதிப்பட்டதாக எழுதுகிறார். இரண்டு: தமக்காகப் பூச்சி சேகரித்துக் கொடுத்த பூர்வகுடிக் குடும்பமொன்றின் குழந்தைகள் இப்படிப்பட்ட சிலந்தி ஒன்றின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியைப் போல வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார்.

இந்த இரண்டாவது செய்தியை நம் வழக்கமான பாணியில் வாசித்தால் என்ன எழுதுவோம்? 'நாகரிகமடைந்தவன் பயந்தான், பூர்வகுடிக் குழந்தை பயமின்றி விளையாடியது' என்று எழுதுவோம். நானும் முதலில் அப்படித்தான் குறித்துவைத்தேன். பிறகுதான் கயிறு கண்ணில் பட்டது. அந்தக் குழந்தைகள் சிலந்தியைக் கையில் ஏற்றிக்கொண்டதாக பேட்ஸ் எழுதவில்லை. கயிற்றில் கட்டியிருந்தார்கள். தங்கள் உடம்புக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் ஒரு முழமோ இரண்டு முழமோ தூரம் வைத்திருந்தார்கள். நாமெல்லாம் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு இலை வைத்தோமே, தும்பி வாலில் நூல் கட்டினோமே, அது மாதிரி. அந்தக் குடும்பம் பேட்ஸுக்காகப் பூச்சி சேகரித்த குடும்பம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் தெரிந்திருந்தது. வெறுங்கையால் தொட்டு மூன்று நாள் சொறிந்தவர், தெரியாதவர்தான்.

4

நம் மண்ணின் பெருஞ்சிலந்திகளுக்கு வருவோம். அரக்கோணம் எங்கோ இல்லை. திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிச் சொச்சம். 1899இல் ரெஜினால்ட் இன்னஸ் பொக்கொக், லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்தபடி, அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு மரவாழ் பெருஞ்சிலந்திக்கு 'பொயிசிலொதீரியா ரீகாலிஸ்' என்று பெயர் வைத்தார். 'ரீகாலிஸ்' என்றால் அரசனுக்குரியது. கோச்செங்கட் சோழன் ஞாபகம் வருகிறது, பொக்கொக்குக்கு வந்திருக்காது. அதே ஆண்டில் அவர் பெயரிட்ட இன்னொன்று நீல நிறத்தில் மின்னும் 'மெட்டாலிக்கா'. அது கிடைத்த இடம் ஆந்திரத்தின் குத்தி ஊரில் ரயில்வேயின் மரக்கிடங்கு. காட்டிலிருந்து வெட்டி வந்த கட்டையோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் சொந்தக் காடு நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையில், குத்தியிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. குத்தி, அரக்கோணம் இரண்டும் ஒரே மதராஸ் – பம்பாய் ரயில் பாதையில் இருக்கின்றன. காட்டை வெட்டிய பாதைதான் காட்டுப் பிராணியை அருங்காட்சியகத்தில் சேர்த்தது.

மெட்டாலிக்காவை நூறு வருஷம் யாரும் பார்க்கவில்லை. 2001இல் மறுபடி கண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பிய, அமெரிக்கச் செல்லப்பிராணிச் சந்தையில் விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கே அது வாழும் இடமோ 100 சதுர கி.மீட்டருக்கும் குறைவு. 2008இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. ராமேஸ்வரத்துக் கோயில் ஒன்றின் பெயரால் 2004இல் 'ஹனுமவிலாசுமிக்கா' என்று பெயரிடப்பட்ட இனத்துக்கும் அதே கதி. அதற்குப் பெயரிட்டவரும் ஆங்கிலேயரே. இலங்கையின் வடக்கே, போர் சிதைத்த மாங்குளத்தில், கைவிடப்பட்ட மருத்துவர் விடுதியில் இந்தப் பேரினத்துச் சிலந்தியை ஆய்வாளர்கள் கண்டார்கள். செய்தி வெளியுலகுக்கு 2013இல் வந்தபோது மேலைப் பத்திரிகைகள் போட்ட தலைப்பு 'முகம் அளவு சிலந்தி' என்பதுதான். யார் அந்த விடுதியில் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று அந்தத் தலைப்பு கேட்கவில்லை. ஈழத்தில் இந்தச் சிலந்திக்குத் தமிழில் அழகான பெயர் உண்டு: புலிமுகச் சிலந்தி. நான் படித்த எந்தத் தமிழ்ப் பாடப்புத்தகமும் அதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில்தான் இந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி 1985லேயே சேர்ந்துவிட்டது. சந்தை எதிர்த்திசையிலும் ஓடுகிறது. 2021 ஜூலையில் சென்னைச் சுங்கத்துறையினர் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தபால் பார்சல் ஒன்றைப் பிரித்தார்கள். தெர்மகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னக் குப்பிகள். குப்பிக்கு ஒரு சிலந்தி, உயிரோடு. தென், மத்திய அமெரிக்காவையும் மெக்சிகோவையும் சேர்ந்த இனங்களாக இருக்கலாம் என்றார்கள் வல்லுநர்கள். உரிமமோ உடல்நலச் சான்றோ இல்லை. பார்சலைப் போலந்துக்கே திருப்பினார்கள். அரக்கோணத்துச் சிலந்தி லண்டன் போன கதைக்கும், மெக்சிகோச் சிலந்தி போலந்து வழியாக அருப்புக்கோட்டை வரப் பார்த்த கதைக்கும் நடுவில் 122 வருஷம். பிராணியைப் பெட்டியில் அடைக்கிற முறையில் பெரிய மாற்றமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் பட்டியல் உயிர்களைத் தனி அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அவற்றை வைத்திருப்பவர் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகள் 2024இல் வந்தன. இனத்தின் பெயரே தெரியாமல் பஸ் பார்சலில் வந்த பிராணியை எந்தப் பெயரில் பதிவுசெய்வது? பெயர் தெரியாதது வெறும் சட்டப் பிரச்சினையாக நின்றுவிடவில்லை. குழந்தையின் கையைப் பற்றிய கேள்வியும் அங்கேதான் வந்து முட்டுகிறது.

5

நம் பக்கங்களில் 'உடல்' என்ற சொல்லை எவ்வளவோ எழுதித் தீர்த்திருக்கிறோம். உடல் மீதான அதிகாரம், உடலின் அரசியல் என்று. தோலும் கருவிழியும் உள்ள உடலைப் பற்றி எழுத நமக்குக் கூச்சம். அக்கா கேட்டது அந்த உடலைப் பற்றி.

பெருஞ்சிலந்திகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவற்றின் வயிற்றில் முள் மயிர் உண்டு. மிரண்டால் பின்னங்காலால் தேய்த்து உதிர்க்கும். கண்ணுக்குத் தெரியாத, கொக்கிகள் உள்ள துகள்கள். தோலில் தைத்தால் அரிப்பு, மூச்சில் போனால் இருமல், கண்ணில் போனால் ஆபத்து. கடி சாதாரணமாகக் குளவிக் கொட்டு அளவுக்குத்தான். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இந்த மயிர் கிடையாது. பதிலுக்கு விஷம் கடுமை, ஓட்டம் வேகம். நம் புலிமுகச் சிலந்திப் பேரினத்தின் கடிகளை ஆராய்ந்து 2014இல் சுவிஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: கடித்த இடத்தில் வலி, பல மணி நேரம் கழித்து உடம்பெங்கும் தசைப்பிடிப்பு, சிலருக்கு அது நாள்கணக்கில் தொடர்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் உடம்பில் பதிவானவை. அதே அளவு விஷம் பதினெட்டு கிலோ எடையுள்ள பிள்ளை உடம்பில் இறங்கினால் என்ன என்பதைக் கணக்குப் போட எம்.ஏ. தேவையில்லை.

மனிதர்கள் இதனால் சாகிறார்களா? பெருஞ்சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக ஐயமற நிறுவப்பட்ட நிகழ்வு மருத்துவப் பதிவுகளில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2003இல் வெளியான ஆய்வில், அங்குள்ள பெருஞ்சிலந்திகள் கடித்த ஏழு நாய்களும் செத்துப்போயின. கடிபட்ட மனிதர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. 2012இல் அசாமின் சதியாவில் சிலந்திப் பீதி கிளம்பி இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் முதலில் மந்திரிப்பவர்களிடம் போனவர்கள். கடிவாயை பிளேடால் கீறியிருந்தார்கள். சாவு விஷத்தாலா கீறலாலா என்று மருத்துவர்களால் அறுதியிட முடியவில்லை. பயம் கட்டமைக்கப்பட்டது என்ற என் வாக்கியத்துக்கு இங்கே ஒரு பயங்கரமான சாட்சி இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

ஆனால் எதிர்ச்சாட்சியும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது ஆள் ஒருவர், 'ஆரம்ப வளர்ப்பாளருக்கு ஏற்றது' என்று சந்தை பெயர் கொடுத்த சிலி நாட்டு ரோஜாச் சிலந்தியை வளர்த்தார். கண்ணாடித் தொட்டியைக் கழுவும்போது அது முகத்தில் மயிர் உதிர்த்தது. மூன்று வாரம் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் தாங்காமல் கிடந்தார். கண்வலி மருந்து கேட்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கருவிழிப் படலத்தில் மயிர் தைத்திருப்பது தெரிந்தது. நுண்ணிய இடுக்கியாலும் எடுக்க முடியாத அளவு சின்னது. 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த செய்தி இது. கடிக்கவில்லை, கையில்கூட எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஆறு வயசுப் பிள்ளையை நினையுங்கள். கூசினால் கையை உதறும். பிடித்தால் இறுக்கிப் பிடிக்கும். பிடித்த கையாலேயே கண்ணைக் கசக்கும், வாயில் விரல் வைக்கும். என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவை குழந்தையின் குற்றங்கள் அல்ல. குழந்தை என்றால் அப்படித்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் பெருஞ்சிலந்தியின் வயிறு கிழிந்து செத்துப்போகலாம். அதற்கு வளர்ப்பவரை அடையாளம் தெரியாது. தடவிக் கொடுத்தால் சந்தோஷமில்லை. கை அதற்கு வெறும் அதிர்வும் சூடும்தான். பெண் சிலந்தி இருபது வருஷம்கூட உயிரோடிருக்கும். 'கையில் ஏறவிடுவது' என்பதில் ஆதாயம் முழுக்க நம் பக்கம். நமக்குத் தைரியம், பார்ப்பவர்க்கு வேடிக்கை. தைரியத்தைக் காட்டுவதற்கு ஒரு குழந்தையின் கையைக் கடன் வாங்கலாமா?

6

இதைச் சொல்லும்போது நண்பர்கள் இரண்டு மறுப்புகளை வைத்தார்கள்.

முதலாவது: "இருளர் பிள்ளைங்க பாம்போடயே விளையாடுதுங்களே?" இந்தப் பேச்சை ஒழித்தால் தேவலை. இருளர்கள் பாம்பு பிடிப்பது தொழில், விளையாட்டு அல்ல. 1972 சட்டமும் 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பை நிறுத்தின. 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷம் எடுக்கிறார்கள். வனத்துறை அனுமதி வேண்டும், பானை வேண்டும், துணி வேண்டும், கொக்கிக் கம்பு வேண்டும். வருஷக்கணக்கான பயிற்சி வேண்டும். 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது பத்திரிகைகள் 'அச்சமற்றவர்கள்' என்று எழுதின. அச்சத்தை அளந்து வைத்திருப்பவர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். பழங்குடி உடம்புக்கு விஷம் ஏறாது என்கிற மாதிரி பேசுவது புகழ்ச்சி போல இருக்கும். அடியில் இருப்பது, அவன் உழைப்பையும் அறிவையும் 'இயற்கை' என்று சொல்லி இலவசமாக்குகிற வேலை. பழவேற்காட்டு ஏரியில் இருளப் பெண்கள் சேற்றில் கைவிட்டு இறால் துழாவி, பல்லில் கடித்த பறிக்குள் போடுகிறார்கள். அந்தக் கைகளில் சிப்பி கிழித்த தழும்பைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. "காட்டுப்பள்ளியில உட்கார்ந்துக்கிட்டு சிலந்தி பத்திரமான்னு கேக்குறியே. அந்தப் பையன் சுவாசிக்கிற காத்து பத்திரமா?" கேள்வி நியாயம். கொசஸ்தலையாற்றில் அனல் மின்நிலையச் சாம்பல். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய். அதே மாதக் கடைசியில் ஒருநாள் நள்ளிரவு அமோனியாக் கசிவு, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம். அதற்கான மக்கள் கருத்துக் கேட்பு 2021லும் 2023லும் நடக்காமல் தள்ளிப்போனது. இவற்றையெல்லாம் யாரும் எங்கள் அக்காவிடம் 'கையில் விட்டுக்கொள்ளலாமா' என்று கேட்டுச் செய்யவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டு ஆபத்துகளையும் எதிரெதிரே நிறுத்துவது யாருக்கு உதவும்? 'பெரிய ஆபத்து இருக்கும்போது சின்ன ஆபத்தைப் பேசாதே' என்பது தொழிற்சாலை நிர்வாகம் நமக்குச் சொல்லும் வாக்கியமும்கூட; வேலை முக்கியமா, இருமல் முக்கியமா என்று அது கேட்கும். அக்காவின் கேள்வியும் கருத்துக் கேட்பில் மீனவப் பெண்கள் கேட்கக் காத்திருந்த கேள்வியும் ஒன்றுதான்: இது என்ன பொருள், எங்கிருந்து வந்தது, என் பிள்ளை உடம்பில் பட்டால் என்ன ஆகும், பட்டபிறகு யார் பொறுப்பு? பெயர் தெரியாத சிலந்தியை டப்பாவில் கொண்டுவருகிறவனும் பெயர் சொல்லாத புகையைக் காற்றில் விடுகிறவனும் ஒரே அளவு குற்றவாளிகள் இல்லை. ஆனால் இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. சின்ன விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் 'பயம் கட்டமைக்கப்பட்டது' என்று வாயடைத்தால், பெரிய விஷயத்தில் வேறொருவன் அதே வாக்கியத்தை வைத்து நம் வாயை அடைப்பான். அணு உலை விஷயத்தில் 2011 முதல் இடிந்தகரை மக்களிடம் அதைத்தானே சொன்னார்கள், 'தேவையில்லாத பயம்' என்று?

பயத்துக்கு வரலாறு இருப்பதால் விஷம் இல்லாமல் போய்விடாது. விஷம் இருப்பதால் எல்லாப் பயமும் நியாயமாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். நம் கோட்பாட்டு எழுத்து இந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் முதலாவதோடு எழுந்து போய்விடுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

7

அடுத்த தடவை போனபோது அக்காவிடம் பதில் சொன்னேன். வேண்டாம், கையில் விடாதே. சாகமாட்டான், ஆனால் கண்ணு போகலாம், தசைப்பிடிப்பில் துடிக்கலாம், எந்த இனம் என்றே தெரியாதபோது எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தோலில் மயிர் பட்டால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுத்துவிட்டுக் கழுவணும். கண்ணில் பட்டால் கசக்கவிடாமல் தண்ணீரால் அலசி நேரே கண் டாக்டரிடம் போகணும், சிலந்தி என்று சொல்லணும். கடித்தால் கீறக்கூடாது, கட்டக்கூடாது, கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. பாம்புக்கடி மருந்து இதற்கு உதவாது. டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லணும்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் அக்கா.

யார்டுப் பையனிடமும் பேசினேன். அவன் கெட்டவனில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து வந்தால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு உயிர் வேண்டியிருக்கிறது என்றான். அது எனக்குப் புரிகிறது. காட்டுப்பள்ளியில் கண்ணுக்குப் படுகிற உயிர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. டப்பாவைப் பரண்மேல் வைத்துப் பூட்டுப் போடச் சம்மதித்தான். வனத்துறையில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மருமகனுக்குத்தான் வருத்தம். அவனுக்குக் கயிற்றுக் கதையைச் சொன்னேன், அமேசான் பிள்ளைகள் சிலந்தியை நாய்க்குட்டி மாதிரி இழுத்துப்போன கதையை. "அப்ப எனுக்கும் கயிறு குடு" என்றான். அதற்கும் வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு அந்தச் சிலந்தியைத் தெரியும், நமக்குத் தெரியாது. ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போனோம். புளியமரப் பொந்தில் ஒன்றுமில்லை. சமையல்கட்டுச் சுவரில் நம்ம எட்டுக்கால் பூச்சி ஒன்று முட்டைப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டடி தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தான்.